சிவப்பு முள்

அல்புகர்க்கி. ஜூன். மதியம் இரண்டு மணி.
வாடகைக்கு எடுத்த கேஜில் இரண்டு முட்கள்.
இன்ஜின் அணைந்திருக்க
நீலமும் சிவப்பும் ஒரே எண்ணில்.
"கேஸ் இருக்கு," என்றாள் ஒர்ஃபெலியா.
தீர்ந்திருக்கும் என்று காலையிலேயே
ஒரு கேன் வாங்கிவிட்டிருந்தான் பெனினோ.
அது இன்னும் அவன் மடியில், ரசீதோடு.

சாவியைத் திருகினாள்.
நீலம் அரைமனதாய் இறங்கியது.
சிவப்பு ஏறியது, ஏறியது,
முந்நூறைத் தாண்டியும் நிற்கவில்லை.
உள்ளே வந்த காற்றோ
யாரோ ஊதியது போல் வெதுவெதுப்பு.

"ஊத்தட்டுமா?"
"பொறு."

தோட்டத்து ஹோஸை இழுத்து வந்து
கிரில்லுக்குள் நீரைப் பீய்ச்சினாள்.
மளமளவென்று சரிந்தது சிவப்பு.

அப்புறம்தான் டார்ச்.
கண்டென்சர் முகம் முழுக்க
ரியோ கிராண்டே கரையின் பாப்லர் மரங்கள்
மே மாதமெல்லாம் உதிர்த்த பஞ்சு,
அழுக்குக் கம்பளியாய், இப்போது ஈரமாய்.
விரலால் ஒரு முனையைக் கிள்ளி
ஒரு முழம் உரித்தாள்.

எதுவும் குறைந்துபோகவில்லை.
சூட்டுக்குத்தான்
வெளியேற வழியில்லை.

நாலரை மணிக்கு பெனினோ
கேஜையும் கேனையும் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான்,
அதே காரில்,
நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு.