விநாடிக்கு ஐம்பது

டிசம்பரில் எங்கள் வார்தே தீவுக்குப் பகல்
பதினொரு மணிக்கு வந்து,
செருப்பைக்கூடக் கழற்றாமல்
வாசலோடு திரும்பிவிடும் விருந்தாளி.

அந்த மாதத்தில்தான் என் விரல்கள் குழறத் தொடங்கின.

எனக்குக் காது கேட்காது. அண்ணன் ஹால்வார்டுக்கும்.
அவன் பாரன்ட்ஸ் கடலில், இழுவலைக் கப்பலில் சமையற்காரன்.
நான் மீன் ஆலையில் முள் எடுப்பவள்.
எங்கள் சண்டை, சமாதானம் எல்லாம்
கையகலக் கண்ணாடிக்குள், கைகளால்.

படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன் என்று அனுப்பினேன்.
படகை விற்றுவிட்டேன் என்று வாசித்தான்.
நாலு நாள் பதில் இல்லை.
ஐந்தாம் நாள்
கரண்டியைக் கீழே வைக்காமல்
ஒற்றைக் கையால் திட்டினான்.
எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

என் வீடியோவை நானே ஓட்டிப் பார்த்தேன்.
விரல் இருந்த இடத்தில் புகை.
இருட்டைக் கண்டதும் போன்
என்னைக் கேட்காமல் இமையை மெதுவாக்கியிருக்கிறது.
விநாடிக்கு முப்பது என்று சொல்லிவிட்டு
பதினைந்து.
மூக்கு மட்டும் நிலா மாதிரி பளிச்.
மூக்கால் நான் எதுவும் பேசுவதில்லை.

அமைப்புகளுக்குள் இறங்கினேன்,
பெயர் தெரியாத மீனின் வயிற்றைக் கிழிப்பதுபோல.
எது ஈரல், எது பித்தப்பை?

அழகூட்டலை அணைத்தேன்.
சுருக்கத்தை அழிக்கட்டும், எனக்கென்ன;
புருவத்தையும் சேர்த்தல்லவா வழிக்கிறது.
புருவம்தான் எங்கள் கேள்விக்குறி.
சாப்பிட்டாயா என்று கேட்டால்
சாப்பிட்டாய் என்று போய்ச் சேர்கிறது,
போலீஸ்காரன் சொல்வதுபோல.

போர்ட்ரைட்,
பின்னணியை மட்டும் மங்கலாக்குவேன் என்றது.
என் சுண்டுவிரல் அதற்குப் பின்னணி.

நைட் மோட் சொன்னது: மூன்று விநாடி அசையாதே.
எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம்
வாயை மூடு.

ஃபோர்-கேயில் சட்டையின் நூல்நூலாகத் தெரிந்தது.
ஒற்றைக் கோட்டு சிக்னலில் அது கப்பலேற வியாழக்கிழமை ஆகும்.
இறக்கினேன். நூல் போகட்டும்,
விரல் வரட்டும்.

அறுபது பிரேம் வைத்தேன்.
சமையலறை விளக்கு என்மேல் வரிவரியாக ஊர்ந்தது.
ஐம்பதில் நின்றது.
ஆலை எலக்ட்ரீஷியன் ஓட்டாரிடம் சீட்டெழுதிக் கேட்டேன்.
இந்த ஊர் மின்சாரத்தின் துடிப்பு ஐம்பது
என்று சீட்டின் பின்புறம் எழுதினான்,
கூடவே ஒரு காப்பிக்கு வருகிறாயா என்றும்.
(அதற்கான பதிலைப் படம் எடுக்கவில்லை.)

கறுப்புச் சட்டை. விளக்கு முகத்துக்கு எதிரே.
மஞ்சள் கட்டம் பூட்டிக்கொள்ளும்வரை
திரையை அழுத்திப் பிடித்தேன்.
இனி கை குறுக்கே வந்தாலும் அது பதறாது.

பெயின்ட். இரண்டு கோட்டு. பச்சை.
விற்கவில்லை, முட்டாளே.
முட்டாளே மட்டும்
பழைய அமைப்பிலும் விளங்கியிருக்கும்.

மறுநாள் அவன் வந்தான்.
கப்பலுக்கு வேறு நாடி போலிருக்கிறது:
ஒரு வரிக்குதிரை மன்னிப்புக் கேட்டது.
பாதியில் அவனே விளக்கை அணைத்து,
குளிர்பெட்டியைத் திறந்து,
முட்டைக்கும் வெண்ணெய்க்கும் முன்னால் நின்று
புருவத்தை உயர்த்தினான்.
முதல்முறையாக முழுசாகத் தெரிந்தது அந்தப் புருவம்,
நடுவில் சூட்டுத் தழும்போடு.
என்ன பச்சை?

கொட்டகைக்குப் போனேன்.
அங்கிருக்கும் ஒற்றை பல்பில் படகு பழுப்பாய் விழுந்தது.
வெள்ளைச் சமநிலையை இழுத்தேன், நீலம்.
திருப்பினேன், சாம்பல்.
டார்ச் அடித்தேன், வெறும் பளபளப்பு.
சூரியன் வர ஜனவரி பாதி தாண்டும்;
அதுவரை எந்தப் பொத்தானிலும் அந்தப் பச்சை இல்லை.

போனைப் பெயின்ட் டப்பாமேல் சாய்த்துவைத்து,
கையுறையைப் பல்லால் கழற்றி,
விநாடிக்கு ஐம்பதில் சொன்னேன்:

கப்பலில் முதல் வாரம்
உன் முகம் ஒரு நிறத்தில் இருந்ததே,
அது.