ஊசித்துளை

ராத்திரி ஷிப்ட் முடிந்து
பாடாங் செராய் தாமான் முனையில்
கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது ஏழு பத்து.
கண்ணில் இன்னும் கையுறைகள்.
காற்றடைத்து, விளக்குக்கு எதிரே பிடித்து
விரலிடுக்கில் ஊசித்துளை இருந்தால் சிவப்புக் கூடை
இல்லாவிட்டால் நீலம்.
பதினோரு வருஷம்.
உடம்பு படுத்துவிடும், கண் படுக்காது.

அப்படித்தான் பார்த்தேன்
கொல்லையில் துணிக்கம்பியில் ஒரு பழுது.
துரு என்று நினைத்தேன்.
துரு நகர்ந்தது.

ஷோப்பியில் பத்தொன்பது ரிங்கிட்டுக்கு
போனில் கவ்விக்கொள்ளும் ஒரு லென்ஸ்.
லோரிச் சாவியைத் தேடிக்கொண்டே
"இதென்ன, டாக்டர் சாமானா?" என்றார் சுகுமாறன்.
அவர் காலரில்
செம்பனைப் பூவிலிருந்து தொற்றி வந்த
மூக்குவண்டு, எள்ளளவு.
அசையாதீங்க என்றேன்.
கல்யாணத்துக்குப் பிறகு
அவ்வளவு கிட்டப் போய் அவரைப் படமெடுத்தது
அன்றைக்குத்தான்.

கறிவேப்பிலைக் கன்றில்
காக்கா எச்சம் என்று குழாய் பீய்ச்சப் போனது
ஒரு புழு.
தொட்டால் தலையில் இரண்டு சிவப்புக் கொம்பு,
நாரத்தங்காய் கசக்கிய வாடை.
வாடை படத்தில் விழவில்லை.

ரம்புத்தான் மரத்தில் முசுறு.
இங்கே எல்லாருக்கும் கெரெங்கா.
இலையோடு இலையை இழுத்துப் பிடித்து
தன் குஞ்சையே வாயில் கவ்வி
அதன் எச்சில் நூலால் தைக்கிறது.
பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று
எங்கள் பேக்டரி வாசலில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.

ஐந்து காலோடு ஒரு கும்பிடுபூச்சி.
என் கை தன்னால் சிவப்புக் கூடையைத் தேடியது.
அது கழுத்தைத் திருப்பி
என்னை மேலும் கீழும் பார்த்தது.
என்னிடம் என்ன துளை கண்டதோ.

இனி இடமில்லை என்றது போன்.
சித்தப்பா அனுப்பிய இருநூறு காலை வணக்கங்களை
அழித்தேன்: ரோஜா, காப்பிக் கோப்பை, சூரியன்.
விநாயகரை அழிக்கும்போது மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அந்த வாரம்தான்
பக்கத்து வீட்டு நோர்லிசாவின் மகனுக்கு டெங்கி.
கூலிம் ஆஸ்பத்திரி, பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்.
வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதபோது
என் கையில் போன்,
திரையில் ஒரு கொசு,
கால் முழுக்க வெள்ளை வரி,
ஒவ்வொரு மயிரும் தெரிய
அத்தனை அழகாக விழுந்திருந்தது.
திரையைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டேன்.

வியாழன் மாலை ஆறரைக்குப் புகை என்று
சுகாதார இலாகா நோட்டீஸ்.
அன்று எனக்கு ஓய்வு நாள்.
நானே போய் கேட்டைத் திறந்து வைத்தேன்.
ஆறு மணிக்கெல்லாம் கொல்லையில் ஓடினேன்,
கம்பி, மரம், கால்வாய், வாழைப்பட்டை.
எடுத்ததெல்லாம் மங்கல்.
கொம்புப் புழுவை மட்டும் கிளையோடு ஒடித்து
மைலோ டின்னில் போட்டு உள்ளே எடுத்துவந்தேன்.
ஏன் அதை மட்டும் என்று மகள் கேட்டாள்.
பதினோரு வருஷம் கூடை பிரித்தவளுக்கு
பதில் வரவில்லை.

மெஷின் சத்தம் வீட்டைச் சுற்றியது.
சாத்திய ஜன்னலுக்குள் நாங்கள் மூவரும்,
டின்னும்.
யாரும் டிவி போடவில்லை.

மறுநாள் காலை சிமெண்டில் கிடந்தவற்றை
படமெடுக்கவில்லை. கூட்டினேன்.
முறம் லேசாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீடு வந்துவிட்டான்,
இளைத்து, காது மட்டும் பெரிதாக.
நோர்லிசா வேலிக்கு மேலே
ஒரு தட்டு குவே நீட்டினாள்.
வாங்கும்போது தட்டின் விளிம்பில்
பச்சை முதுகோடு ஓர் ஈ.
எங்கிருந்து வந்ததோ, எப்படிப் பிழைத்ததோ.
அவள் விரட்டக் கை ஓங்கினாள்.

கொஞ்சம் இரு, என்றேன்,
மற்றக் கையால் போனைத் துழாவிக்கொண்டு.