இரண்டேமுக்கால்

மார்க்கம் ரோட்டுப் பேஸ்மன்டில்
ஆளுக்குப் பன்னிரண்டு டொலர்.
நிரோஜன் மட்டும் எட்டு,
மிச்சத்துக்கு ஒரு பை மிக்சர்.

"எல்லாம் எழுதிவைச்சு ஆடுற கூத்தடா" என்று
முதல் மூன்று மோதலும் சொல்லிக்கொண்டிருந்தான் குகதாசன்.
நாலாவதில் டோபினின் முதுகில் கதிரை இறங்க
சோஃபாவை விட்டெழும்பி
நடுவரின் பரம்பரையையே இழுத்தான்.
அவனுக்கும் முதுகில் தகடு.
கூரை வேலை, ஓஷவா, போன ஐப்பசி.

இரவு வேலைக்குப் போகவேண்டிய பிரதீபா
ஒரு சப்பாத்தைப் போட்டு
மற்றதைக் கையில் வைத்திருந்தாள்.

ஒன்பது வருசம் விழாத சம்பியன் மேல்
டோபின் சரிந்தான்.
நடுவர் தரையில் அடித்தார்.
ஒன்று.
இரண்டு.

ஓங்கிய கை காற்றில் நிற்க
படமும் நின்றது.
டோபினின் நெற்றியில்
சின்ன வட்டமொன்று சுற்றத் தொடங்கியது.

"தோள் எழும்பிட்டுது."
"விசரா, அது நிழல்."
திரையில் விரல் வைத்து அளந்தார்கள்.

முகட்டுக்கு மேலே ஓர் அலறல்.
வீட்டுக்காரர் அருளம்பலம்.
போன கிழமைதான்
சத்தம் கூடாதென்று கதவில் கடதாசி ஒட்டினவர்.
அவரிடம் கேபிள்.
வென்ற அலறலா தோற்ற அலறலா
ஒருவருக்கும் பிடிபடவில்லை.

குகதாசன் தும்புத்தடியை எடுத்து
முகட்டில் மூன்று தரம் இடித்தான்.
மேலிருந்து குதிக்கால் பதில் சொன்னது.
டக்.
டக்.

பிரதீபாவின் பஸ் போய்விட்டது.
கழுத்து நோக
இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.