உச்சி

சீனி இபுராகிம் பூட்ஸ் போட்டு வந்திருந்தான்.
குருசடைத் தீவுக்கு யார் பூட்ஸ் போடுவார்கள்?
குந்துகால் துறையில் சீட்டுக் கிழித்த வனத்துறைப் பெண்
அவன் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.
மீதிச் சில்லறையை என் கையில் தந்தாள்.

கப்பலில் எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவன் அவன்.
சாவகத்துக்கு அப்பால் ஏதோ ஒரு துறையில்
ஒன்பது மணி நேரம் கரையிறங்க விட்டார்களாம்.
ஒன்பது மணி நேரத்துக்குள் ஒரு எரிமலை.
ஏறினேன், வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்,
தீக்குச்சி கிழித்த நெடி,
அடியில் யாரோ சோறு வடிப்பது போல ஆவி,
இறங்கினேன், கப்பல் கிளம்பிவிட்டது என்பான்.
மூன்று வருடமாக இதே வரிகள்.
ஒவ்வொரு விடுப்பிலும் மலை மட்டும் வளர்ந்திருக்கும்.
பரமக்குடியில் மிளகாய்க் கமிஷன் கடைக்குக்
கணக்கு எழுதுகிறவன் நான்.
இதுவரை நானூறு அடி கூடியிருக்கிறது.

கித்தேரியான் வத்தம் பார்த்துப் படகை எடுத்தார்.
கண்ணாடித் தட்டுக்குக் கீழே
முதலில் கலங்கல், அப்புறம் பாசி,
அப்புறம் சட்டென்று ஒரு ஊர்:
மூளை மாதிரி மடிந்த கல், கொம்பு மாதிரிக் கிளைத்த கல்,
சந்து சந்தாக நுழைந்து
யாரையோ தேடுகிற ஒரு மஞ்சள் மீன்.
"இம்புட்டும் உசுரு. பாக்கத்தான் கல்லு."
சீனி குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டான்:
"மலை எந்தப் பக்கம்ணே?"
"மலையா? அதுக்கு மதுரயத் தாண்டில்ல போகணும்!"

சுற்றி நடந்தோம்.
அடப்பங்கொடி. உமரி. தாழம்புதர்.
மிதிக்க மிதிக்க
பீங்கான் கடையில் விழுந்த மாதிரிச் சத்தம்.
ஒதுங்கிக் கிடந்தது ஒரு செருப்பு, இடது கால்.
வெகுதூரம் தள்ளி இன்னொன்று, அதுவும் இடது.
எலுமிச்சைச் சோற்றை நின்றபடியே தின்றோம்,
உட்கார்ந்தால் சுட்டது.

பிறகு அந்த மணல்மேடு.
என் தோள் உயரம் இருக்கும்.
தாழை வேரைப் பிடித்து
முறைப்படி மூச்சு வாங்கி ஏறினான் சீனி.
இடுப்பில் கை வைத்து நின்றான்.
"உச்சி" என்றான். "எடு."

எடுத்தேன். அவன் முழங்கைக்குப் பின்னால்
பாம்பன் பாலம், பிரிந்த தையலைப் போல.
இறங்காமலே சொன்னான்:
"இங்கேருந்து ரெண்டு பக்கமும் கடல் தெரியுதுடா.
அங்கே ஒண்ணும் தெரியலை. ஒரே புகை.
வாய்க்குள்ளேயும் நான் பாக்கலை,
பயமா இருந்துச்சு, பாதியிலேயே திரும்பிட்டேன்."

நான் எதையும் கழிக்கவில்லை.

இறங்கும்போது வலது பூட்ஸ் வாய் பிளந்தது.
கரையொதுங்கிய பச்சை வலைத்துண்டால்
அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான்.
"கச்சான் எடுக்குது, வெரசா வாங்க"
தூரத்திலிருந்து கித்தேரியான் குரல்.
சப்பு சப்பென்று நடந்தான்
ஒரு கால் மாலுமி, ஒரு கால் மீன்.

துறையில் பையைச் சோதித்தாள் அதே பெண்.
சட்டையில் பெயர்: நாகஜோதி.
"பூட்ஸையும் காட்டுங்க."
பிளந்த அடித்தோலுக்குள்
வெள்ளையாய் ஒரு பவளத்துண்டு, பல் அளவு.
அதற்கும் உள்ளே, பழைய பசையில் ஒட்டி,
கறுப்பாய் ஓட்டை ஓட்டையாய் இன்னொன்று.

ஊக்கால் நெம்பி வெள்ளையை எடுத்தாள்,
மூடியில்லாத டப்பாவில் போட்டாள்.
அதில் ஏற்கெனவே ஏழெட்டுக் கிடந்தன,
நாளைக்கு முதல் படகில் திரும்பிப் போக.
கறுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இது எங்களது இல்ல."
"அப்படின்னா இங்கேயே போட்டுடவா?"
"எடுக்கவும் கூடாது சார். போடவும் கூடாது."

பேருந்து பாலத்தில் ஏறியபோது
சன்னலோரம் அவன்தான்.
கைப்பிடி மூடியிருந்தது.
கீழே அத்தனை தண்ணீர்.
மண்டபம் வந்து டீக்கு இறங்கினோம்,
அப்போதும் மூடியே இருந்தது,
டம்ளரை இடது கையால் வாங்கினான்.