பதினொரு தகரம்

வெபர் மைதானம், எண்ணூறு மீற்றர்.
கடைசி வளைவில் உன் முதுகு.
எழுபத்தேழில் பார்த்தது, இன்னும் பார்க்கிறேன்:
வியர்வையில் ஒட்டின பனியன்,
குண்டூசி குத்திய இலக்கம் பத்தொன்பது,
அதில் ஒரு மூலை கழன்று
எனக்கு முன்னால் படபடத்துக்கொண்டே போனது.
ஒரு சாண். அவ்வளவுதான், பூபாலரெத்தினம்,
ஒரு சாணால் நான் இரண்டாம் ஆள்.

அடுத்த வருசம் சூறாவளி.
களுவாஞ்சிகுடியில் கூரையோடு நின்ற வீடுகளை
விரல்விட்டு எண்ணலாம்.
நாங்கள் விழுந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க
நீ குனிந்து ஆணி பொறுக்கினாய்.
கல்லில் வைத்துத் தட்டி, நிமிர்த்தி,
பால்மாப் பேணியில் போட்டு
றாத்தல் கணக்கில் விற்றாய்.
உன் கடை தொடங்கினது அப்படித்தான்.
சனம் ஏசினது. நானும் ஏசினேன்.
மறுகா அந்த ஆணியில்தான்
என் கூரையும் நின்றது.

ஓடுகிறவனைச் சுடுகிற காலம் வந்தது.
பட்டிருப்புப் பாலத்துச் சாவடியில்
மாவட்டத்தின் வேகமான இரண்டு கால்கள்
சைக்கிளை உருட்டிக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல நடந்தன.
படுவான்கரைக்குச் சீமெந்து போகாத வருசங்கள்;
போனாலும் ஒரு மூடைக்கு ஒன்பது கையெழுத்து.
"நடக்கப் பழகிறதுதான் கா பெரிய பயிற்சி"
என்றாய் ஒருநாள்.
சிரிக்கவில்லை.

கோமளத்துக்கு ஆஸ்பத்திரியில் இராக் கடமை.
விடிய ஆறரைக்குக் கடைப்படியில்
இரண்டு பெட்டைகளையும் இருத்தி
நீ தலை பின்னுவாய்.
ரிபன் உன் பல்லில்,
ஸ்டொப்வோச் கழுத்தில்,
விரலெல்லாம் சீமெந்துத் தூசு.
"ரெண்டு நிமிசம் எட்டுச் செக்கன்!"
வெபரில் நீ ஓடி முடித்ததைவிட
ஐந்து செக்கன் கூட.
இழுபடுகிறது என்று மூத்தவள் அழுவாள்.
மற்ற வீடுகளில் அப்பாமார் பின்னுவதில்லை என்று
சின்னவளுக்குப் பத்து வயதில்தான் தெரியும்.

அஞ்சலி நோட்டீசில் உன்னைக்
கொடைவள்ளல் என்று அடித்திருக்கிறார்கள்.
சந்தி மதிலில் அதை வாசித்து
நான் தனியே நின்று சிரித்தேன்.
திருவிழாக் கணக்கில் முப்பது ரூபாய் இடிக்கிறதென்று
கோயில் வீதியில் சண்டை பிடித்தவன் நீ.
மிச்சக்காசுக்கு டொபி கொடுக்கிற கடைகளுக்கு நடுவே
சில்லறை மாற்றப் பக்கத்துக் கடைக்கு ஓடினவனும் நீதான்.
ஒரு ரூபாய் விடவும் மாட்டாய்,
ஒரு ரூபாய் எடுக்கவும் மாட்டாய்.

கடல் வந்து போன கிழமை
என் பெயரில் பதினொரு தகரம் எழுதினாய்.
கொஞ்சம் கட்டினேன்.
கொஞ்சம் கட்டவில்லை.
நீ வாய் திறந்து கேட்டதே இல்லை.
அறுபது வயதில், விடியற்புறம்,
கடற்கரை ஈரமணலில் மறுபடி ஓடத் தொடங்கினாய்;
மீன் வாங்க நிற்கிற என்னைக் கடக்கும்போது மட்டும்
பத்து விரலையும் விரிப்பாய்,
பிறகு ஒன்று.
மூச்சு வாங்காமல் போய்விடுவாய்.
திரும்பவும் அந்த முதுகு.

சப்பாத்து நூல் கட்டக் குனிந்தாயாம்.
எத்தனை ஆயிரம் ஆணியை நிமிர்த்தின மனுசன்.

முப்பத்தோராம் நாள்
காசை எடுத்துக்கொண்டு போனேன்.
வேண்டாமென்பாள், கையைப் பிடித்து அழுவாள்,
நானும் அழலாம் என்று நினைத்தேன்.
கோமளம் உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
கொப்பியைத் திறந்தாள்.
என் பக்கத்தைத் தேடி எடுத்தாள்.
இரண்டு தரம் எண்ணினாள்.
"எண்பது ரூவா மிச்சம் வருது, இருங்க."
லாச்சியில் சில்லறை இல்லை.

சின்னவள் எழும்பி
பக்கத்துக் கடைக்கு ஓடினாள்,
முப்பத்தைந்து வயதில், சேலையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு.

எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன்.
போய்வரத் தொண்ணூற்றொரு செக்கன்.