இடக்கை மடிப்பு

கப்பல் துணி, பதினாறு உருப்படி.
ஞானப்பிச்சையின் சலங்கில் அலை தாண்டி வந்தது.
படம் எழுதுகிற முசே துவால் சட்டை அதில் ஐந்து.
ஐந்திலும் இடக்கை மடிப்பில் மட்டும் கறை,
நகத்தளவு நகத்தளவாய், வரிசையாக.
குடிகாரன் கை என்றான் கொழுந்தன் சின்னாண்டி.

உவர்மண் பூசி ஓரிரவு ஊறவைத்தேன்.
வெள்ளாவியில் ஏற்றினேன்.
எலுமிச்சை தேய்த்து
முதலியார்பேட்டைக் குளத்துக் கல்லில்
பங்காளியை அடிப்பதுபோல் அடித்தேன்.
போயிற்று.

வெள்ளைத்தெருவில் அவர் தங்கிய வீடு.
விரித்துப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார்.
துபாஷி சொன்னார்:
அது கறையில்லையாம், கடலாம்.
பிரெஸ்த் விட்ட நாளிலிருந்து
ஒவ்வொரு தண்ணீரையும் பார்த்து நிறம் குழைத்து
மடிப்பில்தான் தொட்டுப் பார்ப்பாராம்.
ஏழு மாதக் கடலை
ஒரு குளத்தில் கரைத்துவிட்டேனாம்.

கூலி கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் கழுத்துப் பட்டியைத் திருப்பினார்.
சேங்கொட்டை மையில் நான் வைத்த குறி:
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு.
இது எந்தக் கடல் என்றார்.

கடலில்லை முசே, எங்கள் வீடு.
சட்டை கிழிந்தாலும் இது போகாது.

ஏட்டில் எழுதிக்கொண்டார்.
ஒரு பணம் கூடவே கொடுத்தார்.

கிழக்கே, பெயரே இல்லாத தீவுகளுக்குப் போகிறார்களாம்.
அங்கே இருக்கிறவர்கள்
பெயர் வைக்காமலா இருப்பார்கள்?
அவர் குனிந்து வரைகையில்
பின்னால் நின்று ஒருத்தி
பிடரியைப் பார்ப்பாள்,
யார் வெளுத்த துணி இது என்று.