இயன்றவரை

வரையறைக்கே மூன்று மாதம் போயிற்று.
மாடித்தொட்டி நிரம்பியதும்
தானே நின்றுவிடும் மோட்டார் இதில் வருமா
என்று கேட்டார் நீர்வளத்திலிருந்து வந்தவர்.
யாரும் சிரிக்கவில்லை. குறிப்பில் ஏற்றினேன்.
தில்லியில் மே மாதம், நான்காம் மாடி.
ஏசி சொட்டுவதற்கு மூலையில் ஒரு வாளி.
வாளிக்கு விதிமுறை கிடையாது,
நிறைந்தால் பிஷம்பர் எடுத்துப் போய்க் கொட்டுவார்.

நிறுவனங்கள் சார்பில் வந்தவர்கள்
மெல்லிய மடிக்கணினிகளைத் திறந்தார்கள்.
இப்போதே கடிவாளம் போட்டால்
குதிரை சிங்கப்பூருக்கு ஓடிவிடும் என்றார்கள்.
பேராசிரியர் நிகார் கித்வாய் மட்டும்
மிதிபட்டவர்கள் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்றார்.
தேநீர் வந்தது.

கோப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும்.
நான் உள்ளுக்குள் தமிழில் படிப்பேன்,
அப்போதுதான் ஓட்டை தெரியும்.
'செய்ய வேண்டும்' என்று அனுப்புவோம்.
நிதிக்குப் போய்த் திரும்பும்போது
'செய்யலாம்' ஆகியிருக்கும்.
லாம் ஒரு சின்ன வால்.
அது முளைத்ததும் சட்டம்
நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறிக்கும்.
வணிகத்துக்கும் போய் வந்தால்
முன்னால் ஒரு கொம்பு:
இயன்றவரை.

பொதுமக்கள் கருத்துக்கு முப்பது நாள்.
நான்காயிரத்துச் சொச்சம் வந்தன.
ஒவ்வொன்றையும் ஏதாவதொரு பிரிவு எண்ணில்
கட்டிப்போட வேண்டும், அதுதான் அட்டவணை.
பாதியைப் படித்துச் சுருக்கித் தந்தது
யாரை ஒழுங்குபடுத்தக் கிளம்பினோமோ
அதேதான்.
ஆள் இல்லை, வேறென்ன செய்ய.
அது ஒரு கடிதத்தைப்
'பொருந்தாது' என்ற பத்தியில் தள்ளியிருந்தது.

ஏனென்று திறந்தேன்.
கோடு போட்ட தாள், பென்சில், இந்தி.
கைபேசியில் படமெடுத்து
யாரோ பிள்ளை அனுப்பியிருக்கிறான்.
சந்தர்வதி, துப்புரவுப் பணி, சீமாபுரி.
காலை ஐந்தரைக்கு
வருகைப் பதிவுக்கு முகம் காட்டுகிறாள்.
பனியிலும் புகையிலும் அது
ஆள் வேறு என்கிறது.
பதினொரு நாள் கூலி போயிற்று.
மேஸ்திரி 'செயலியைக் கேள்' என்கிறான்,
செயலிக்குக் காது இல்லை.
கடைசி வரி:
நான்தான் நான் என்று
யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், ஐயா?

அன்று மாலை எங்கள் வாயில் எந்திரம்
என் முகத்தையும் இரண்டாம் தடவைதான் பிடித்தது.
காவலருக்கு என்னைத் தெரியும்,
சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளிவிட்டார்.
மாதச் சம்பளக்காரிக்கு நேரும் பிழை
சிரிப்பில் முடிந்துவிடுகிறது.

பிரிவு பதினான்கில் ஒரு வரி சேர்த்தேன்:
எந்திரம் மறுத்தவரை
ஒரு மனிதர் நேரில் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.
இணைச் செயலர் தாம்லே கண்ணாடியைத் துடைத்தார்.
எத்தனை மனிதர்?
எந்தத் தலைப்பில் சம்பளம்?
நியாயமான கேள்விதான். எனக்குத்தான் கோபம் வந்தது.
மூன்றாம் நாள் காலை, சிவந்த கண்ணோடு,
மாவட்டத்துக்கு இருவர் என்று
அவரே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார்.
அவருக்குத் தெரியாமல் நான்
அந்தக் கடிதத்தை அச்செடுத்து
இணைப்பு ஏழு என்று நாடாவில் கோத்தேன்.

சட்டத்துறையிலிருந்து நேற்றுத் திரும்பியது.
'வேண்டும்' இருந்தது.
விரலை வைத்துப் பார்த்தேன், வால் இல்லை.
கொம்பு மட்டும் இருந்தது.
ஓரத்தில் பச்சை மையில்:
இணைப்பு ஏழு படிக்க இயலவில்லை.
தெளிவான நகல் அனுப்புக.

நகலுக்கு அசல் வேண்டும்.
அசல்
சீமாபுரியில்,
காலை ஐந்தரைக்கு,
முக்காட்டை விலக்கிக்கொண்டு
கேமரா முன் நிற்கிறது.